1951 ஷெவி 3100: முன் சஸ்பென்ஷனுக்கு அளவான பணத்தை எங்கே போடுவது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் இருக்கும் 1951 ஷெவ்ரலே 3100 அரை டன் பிக்கப். 350 கன இஞ்ச் சின்ன பிளாக் வி8 இஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஏற்றியாயிற்று. முன்பக்கம் 4 இஞ்ச் இறங்க வேண்டும், டிஸ்க் பிரேக் வேண்டும். பணம் அளவாகத்தான் இருக்கிறது. மஸ்டாங் 2 கிட்டுகளில் (பழைய ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் வடிவில், இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன்) மலிவானது எது, எதை நம்பி வாங்கலாம்? பழைய வண்டி உடைக்கும் யார்டில் கிடைக்கும் பாகங்களால் வேறு வழி உண்டா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிட்டின் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு கண்டிப்பாகத் தப்பும். மஸ்டாங் 2 கிராஸ்மெம்பரை (சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஃபிரேமில் வெல்டு செய்த நாளிலிருந்து செலவு சங்கிலியாக வரும். ராக் ஸ்டியரிங்குக்கு (பல் தண்டு பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் வகை) ஏற்ற ஷாஃப்டும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் வேண்டும். பவர் ராக் என்றால் பம்ப்பும் ஹோஸும் சேரும். ஃபிரேமை அடைக்கப் பிளேட், புது பிரேக் ஹோஸ், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், ரேடியேட்டரைக் கொஞ்சம் நகர்த்தும் வேலை, வெல்டருக்குக் கூலி, கடைசியில் ரிம்மும் டயரும். இவையெல்லாம் சேர்ந்து பல சமயம் கிட்டின் விலையையே தாண்டிவிடும். அதனால் எந்தக் கிட் என்ற கேள்விக்கு முன்னால், இந்த வண்டிக்குக் கிட் தேவையா என்று பார்ப்பதுதான் சரி.

3100இல் முன்பக்கம் இருப்பது ஐ-பீம் ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புச் சட்டம்), இரண்டு பட்டை ஸ்பிரிங், கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு). ‘வி8 போட்டால் முன்பக்கம் கனத்துவிடும், பழைய ஆக்சில் தாங்காது’ என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் இஞ்சின் முழுக்க வார்ப்பிரும்பு. சின்ன பிளாக் வி8 அதைவிட எடை கூடியதல்ல. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் வரும் பாரம் ஏறத்தாழ அதேதான். வண்டி தள்ளாடுகிறது, ரோட்டில் அலைகிறது என்றால் பெரும்பாலும் எழுபது வருடத் தேய்மானம்தான் காரணம். அமைப்பைக் குறை சொல்லுமுன் தேய்மானத்தைச் சோதியுங்கள்.

சோதிப்பது சுலபம். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங். போகாமல் நின்றால் கிங்பின் புஷ். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கிங்பின் செட் வாங்குபவர்களும் உண்டு, நல்ல ஆக்சிலையே கழற்றி எறிபவர்களும் உண்டு. பிறகு டை ராட் எண்ட் (இரு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை), டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி) முனைகள், ஷாக்கிள் (ஸ்பிரிங்கை ஃபிரேமோடு இணைக்கும் பாகம்) பின் என்று ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒருவர் இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்ப, நீங்கள் கீழே படுத்துக்கொண்டு எந்த மூட்டில் அசைவு முதலில் காணாமல் போகிறது என்று கவனியுங்கள். தேய்ந்தது அந்த மூட்டுதான்.

கிங்பின் மாற்றும்போது கெடுவது எங்கே என்றால், புஷ்ஷை அளவுக்குக் கொண்டுவரும் இடத்தில். வெண்கலப் புஷ்ஷை ஸ்பிண்டிலில் (சக்கரம் மாட்டும் பாகம்) அழுத்திய பிறகு உள்ளளவு சுருங்கும். அதை ரீமரிலோ ஹோனிலோ அளவெடுக்க வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கடக்கும் பைலட் ரீமர் வேண்டும், அல்லது லேத் பட்டறையில் கொடுத்து ஹோன் செய்ய வேண்டும். பிரேக் சிலிண்டர் ஹோனை டிரில்லில் மாட்டிக் கையால் தேய்த்தால் புஷ்ஷின் வாய் விரிந்துவிடும், சில மாதத்தில் மறுபடி ஆட்டம் வரும். சரியான அளவு என்பது எண்ணெய் தடவிய பின் கட்டை விரல் அழுத்தத்தில் வழுக்கி உள்ளே போக வேண்டும், உள்ளே போன பிறகு துளியும் ஆடக் கூடாது. அழுத்துவதற்கு முன் புஷ்ஷின் கிரீஸ் துளை, ஸ்பிண்டிலின் நிப்பிள் துளைக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி உட்கார்ந்த புஷ்ஷுக்குக் கிரீஸே போகாது.

த்ரஸ்ட் பேரிங் ஆக்சில் கண்ணுக்கு அடியில், ஸ்பிண்டிலின் கீழ்க் கைக்கு மேலே வரும். வண்டியின் எடை அதன் மேல்தான் உட்காருகிறது. மேலே மிஞ்சும் இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அடையுங்கள். ஆக்சில் கண்ணுக்குள் பின் இறுக்கமாக நிற்க வேண்டும். அங்கேயே லூஸாக இருந்தால் புதுப் புஷ் போட்டுப் பயனில்லை, வேறு ஆக்சில்தான் தேட வேண்டும். கிரீஸ் அடிக்கும்போது எப்போதும் சக்கரத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். எடை மேலே இருந்தால் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் நுழையாது.

இனி இறக்கும் விஷயம். 4 இஞ்ச் இறக்க இரண்டு வழி. பட்டைகளைக் குறைத்து ஸ்பிரிங்கின் வளைவைத் தட்டையாக்குவது மலிவு. ஆனால் ஆக்சில் மேலே போக இருந்த இடத்தைத்தான் நீங்கள் விழுங்குகிறீர்கள். முழு 4 இஞ்சையும் ஸ்பிரிங்கிலேயே எடுத்தால் பள்ளத்தில் ஆக்சில் ஃபிரேமில் இடிக்கும், ஸ்பிரிங்கும் மென்மையாகிப் பிரேக் பிடிக்கும்போது முறுக்கிக்கொள்ளும். டிராப் ஆக்சில் என்பது நடுப்பகுதியிலிருந்து முனைகள் மேலே வளைந்த ஆக்சில். வண்டி இறங்கும், ஸ்பிரிங்கின் ஓட்டம் அப்படியே மிஞ்சும். 3100இல் டிராப் ஆக்சிலில் பெரும்பங்கையும் ஸ்பிரிங்கில் ஒரு இஞ்ச் சுமாரையும் எடுப்பதே என் பரிந்துரை. முன் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிளாக் ஒரு நெம்புகோலாகி ஸ்பிரிங்கை முறுக்கும்.

டிராப் ஆக்சில் போட்டதும் டை ராட் பழைய இடத்திலேயே நின்று ஆக்சிலிலோ ஸ்பிரிங்கிலோ உரசலாம். இதற்கென்றே வளைந்த ஸ்டியரிங் ஆர்ம்கள் விற்கின்றன. ஆக்சிலோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய ஆர்ம்மைத் தீயில் சூடாக்கி வளைப்பதாக இருந்தால் வேலை தெரிந்த கொல்லரிடம் கொடுத்து, முடிந்தபின் விரிசல் உண்டா என்று காந்தத் துகள் சோதனை செய்த பிறகே மாட்டுங்கள். இது செலவைக் குறைக்கும் இடமில்லை.

டிஸ்க் பிரேக்கிற்கு, பழைய ஸ்பிண்டிலிலேயே மாட்டும் பிராக்கெட் கிட்டுகள் இருக்கின்றன. டிரம்மின் பேக்கிங் பிளேட் போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் உட்காரும், காலிப்பர் (பேடுகளை அழுத்தும் பாகம்) ஜிஎம் (ஷெவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளுடையது, பேடு எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். 6 துளை, 5.5 இஞ்ச் வட்டம் என்ற மூல அளவும் மாறாமல் இருக்கும். பழைய 16 இஞ்ச் ரிம் காலிப்பரில் உரசலாம். ஆர்டர் கொடுக்கும் முன் கிட் விற்பவரிடம் எந்த ரிம் பொருந்தும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் பழையபடி தரைக்கு அடியில்தான் இருக்கப்போகிறது என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: அது காலிப்பரைவிடத் தாழ்வாகவோ அதே மட்டத்திலோ இருப்பதால், மிதியை விட்டதும் எண்ணெய் பின்வாங்கிவிடும். டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., பின் டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைப்பது) போட வேண்டும். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டால் முன் பேடுகள் விடாமல் உரசிச் சூடாகும்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்பதற்காகவே பலர் மஸ்டாங் 2க்குப் போகிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. 1980களின் டொயோட்டா நான்கு சக்கர இழுவை பிக்கப்பின் பவர் ஸ்டியரிங் பாக்ஸை ஐ-பீம் ஆக்சிலோடு இணைக்கும் பிராக்கெட் கிட்டுகள் இந்த வண்டிக்கென்றே உண்டு. பாக்ஸ் பழைய வண்டி உடைக்கும் யார்டில் கிடைக்கும். மூல பாக்ஸையே வைத்துக்கொண்டால் இடது பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதில் இடிக்கும். வி8 போட்ட 3100களில் ‘ராம்ஸ் ஹார்ன்’ (ஆட்டுக்கொம்பு போல வளைந்து நடுவில் இறங்கும்) வகை மேனிஃபோல்டை அதிகம் பார்ப்பது இதனால்தான்.

இதற்குமேல் மஸ்டாங் 2 வேண்டும் என்று முடிவெடுத்தால் அதற்கும் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டப்போகிறீர்கள், குண்டு குழியில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும் என்றால் அது நல்ல அமைப்புதான். ராக் ஆக்சில் கோட்டுக்கு முன்னால் இருப்பதால், பின்புறச் சம்ப் (எண்ணெய் தேங்கும் குழி) கொண்ட சின்ன பிளாக்கின் ஆயில் பேன் இடிக்காது. ஆனால் அதன் மூலம் எது என்பது நினைவில் இருக்கட்டும். 1974 முதல் 1978 வரை ஃபோர்டு விற்ற சின்னக் காருக்காகச் செய்தது அது. அந்தக் காரின் கீழ் ஆர்ம் ஒரே ஒரு போல்ட்டில் நின்றது, முன்பின் அசைவைத் தடுக்க ஸ்ட்ரட் ராட் என்ற தனிக் கம்பி இருந்தது. மலிவான கிட்டுகளில் சில இன்றும் இதே வடிவம். ஸ்ட்ரட் ராடுக்குச் சரியான பிராக்கெட்டை உறுதியாக வெல்டு செய்யாமல் விட்டால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னே நகரும், காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 3100 போன்ற, சுமார் 1,450 கிலோ வண்டிக்கு, இரண்டு போல்ட்டில் நிற்கும் அகலமான டியூப் ஆர்ம்மைத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த முதல் இடம் அது.

இரண்டாவது இடம் ஸ்பிண்டில். ஃபோர்ஜ் செய்ததா, வார்த்ததா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள். மூன்றாவது பால் ஜாயிண்ட். பெயர் தெரிந்த உதிரிபாகக் கம்பெனியின் பாகம் எண்ணோடு வந்தால், ஐந்து வருடம் கழித்தும் எந்த ஊரிலும் கிடைக்கும். கிட் செய்தவர் மட்டுமே விற்கும் விசேஷப் பால் ஜாயிண்ட் உள்ள கிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மிச்சம் பிடிக்கும் இடங்கள் தாராளமாக இருக்கின்றன. குரோம் பூசிய ஆர்ம், பாலிஷ் செய்த காலிப்பர், சரிசெய்யக்கூடிய காயில் ஓவர், ஏர் பேக் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த ஆர்ம், சாதாரண காயில் ஸ்பிரிங், சாதாரண ஷாக் போதும். ஸ்பிரிங்கை மட்டும் இஞ்சின் எடையைச் சொல்லி வாங்குங்கள். அலுமினிய ஹெட் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இறங்கவில்லை என்று ஸ்பிரிங்கை வெட்டத் தொடங்கினால் அது விறைத்துப்போகும். இன்னும் இறக்க வேண்டுமென்றால் 2 இஞ்ச் டிராப் ஸ்பிண்டில் வாங்குங்கள். ஆர்ம்களின் கோணம் கெடாமல் இறங்கும்.

பிரேக்கில், மூலக் காரின் சின்ன 9 இஞ்ச் வகை ரோட்டரோடு (பிரேக் டிஸ்க்) வரும் கிட்டை விட்டுவிட்டு, 11 இஞ்ச் ரோட்டர் கிட்டைப் பாருங்கள். ஃபோர்டு கிரனாடா ரோட்டரும் ஜிஎம் காலிப்பரும் சேர்ந்த கூட்டு அது. இரண்டுமே சாதாரணக் கடைச் சரக்கு. ஆனால் சில 11 இஞ்ச் கிட்டுகள் சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் அளவுக்கு வெளியே தள்ளும். 3100இன் முன் ஃபெண்டர் குறுகலானது. முழுதாகத் திருப்பும்போது டயர் ஃபெண்டர் ஓரத்தைத் தொடும். ரோட்டர் முகத்திலிருந்து ரோட்டர் முகம் வரை எத்தனை இஞ்ச் என்று கேட்டு வாங்கிய பிறகே ரிம் ஆர்டர் செய்யுங்கள்.

உங்கள் வண்டியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏறியிருப்பதால், மூடிய டார்க் டியூபோடு (டிரைவ் ஷாஃப்டை மூடும் குழாய்) வந்த மூலப் பின் ஆக்சில் போய் வேறு ஆக்சில் வந்திருக்கும். கீழே போய் அதன் சக்கர போல்ட் துளைகளை எண்ணுங்கள். கமாரோ, நோவா வகை என்றால் 5 துளை, 4.75 இஞ்ச். ஃபோர்டு 9 இஞ்ச் என்றால் பெரும்பாலும் 5 துளை, 4.5 இஞ்ச். முன் ரோட்டரை அதற்கு ஒத்து வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஸ்டெப்னி போதும். பின் சக்கரம் இன்னும் 6 துளை என்றால், அதுவே ஐ-பீம் ஆக்சிலைக் காப்பாற்ற இன்னொரு காரணம்.

பவர் ராக்கில் அடிக்கடி வரும் புகார், ‘விரலால் தொட்டாலே வண்டி பாய்கிறது’ என்பது. ஜிஎம் பம்ப் 1,200 பி.எஸ்.ஐ.க்கும் மேலே தள்ளும். மஸ்டாங் 2 ராக்குக்கு அவ்வளவு வேண்டாம். பம்ப்பின் ரிலீஃப் வால்வில் ஷிம் சேர்த்து அழுத்தத்தைக் குறைக்கும் சின்னக் கிட் இருக்கிறது. ராக்கைக் குறை சொல்லி மாற்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். உங்களுக்குக் கைப்பலம் இருந்தால் மேனுவல் ராக்கே போதும். பம்ப்பும் ஹோஸும் மிச்சம்.

பொருத்தும் வேலையில் பணத்தைவிடக் கவனம்தான் முக்கியம். பழைய ஆக்சிலைக் கழற்றுவதற்கு முன், சக்கரத்தின் மையத்தை ஃபிரேமின் இரு பக்கமும் பஞ்ச் அடித்துக் குறியுங்கள். இந்த வண்டியின் வீல்பேஸ் 116 இஞ்ச். பின் ஆக்சில் மையத்திலிருந்து இரு பக்கமும் அளந்து சரிபாருங்கள். பிறகு ஃபிரேமை, வண்டி முடிந்து ரோட்டில் நிற்கும்போது எந்தச் சாய்வில் இருக்குமோ அதே சாய்வில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஃபிரேமை மட்டமாக வைத்துக் கிராஸ்மெம்பரை வெல்டு செய்துவிட்டு, பின்னால் முன்பக்கத்தை இரண்டு டிகிரி தாழ்த்தினால் காஸ்டரும் அதே இரண்டு டிகிரி போய்விடும். அதை ஆர்ம் அட்ஜஸ்ட்மென்டில் முழுதாக மீட்க முடியாது.

3100இன் ஃபிரேம் ‘ப’ வடிவச் சட்டம், திறந்த பக்கம் உள்ளே பார்க்கும். கிராஸ்மெம்பர் வரும் இடத்தில் 3/16 இஞ்ச் பிளேட் வைத்து அடைத்துப் பெட்டியாக்க வேண்டும், கிராஸ்மெம்பரைத் தாண்டி முன்னும் பின்னும் கொஞ்சம் நீட்டி. ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டாதீர்கள். இரண்டு இஞ்ச் இங்கே, இரண்டு இஞ்ச் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் போட்டு ஆறவிடுங்கள். கிராஸ்மெம்பரை முதலில் டாக் (தற்காலிகச் சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, மூலைவிட்ட அளவுகளைப் பாருங்கள். இரண்டும் 1/8 இஞ்சுக்குள் ஒத்திருந்தால் முழு வெல்டு. வெல்டிங் உங்கள் தொழில் இல்லை என்றால் அளவெடுத்து டாக் அடிப்பது வரை நீங்கள் செய்து, முழு வெல்டைத் தொழில்காரரிடம் கொடுங்கள். கூலி பெரிதாகக் குறையும்.

வண்டி தன் எடையில் நிற்கும்போது கீழ் ஆர்ம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் ஆர்ம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்து நின்றால், குழியில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ஸ்பிரிங் இல்லாமல் ஜாக்கியால் ஆர்ம்மை மேலே இரண்டு இஞ்ச், கீழே இரண்டு இஞ்ச் ஓட்டி, டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று ஒரு நேர்கட்டையை ரோட்டரில் கட்டிப் பாருங்கள். அதிகம் மாறினால் ராக் இருக்கும் உயரம் தவறு. முழு வெல்டுக்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும்.

ஸ்டியரிங் ஷாஃப்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட் போதுமானால் நல்லது. மூன்று தேவைப்பட்டால் நடுவில் ஒரு சப்போர்ட் பேரிங் கட்டாயம், இல்லாவிட்டால் ஷாஃப்ட் சாட்டை போல அடிக்கும். மேனுவல் ராக்குக்கும் பவர் ராக்குக்கும் ஸ்ப்ளைன் வேறு. ராக் கைக்கு வந்தபின் ஜாயிண்ட் வாங்குங்கள்.

யார்டு வழிகளையும் கேட்டிருக்கிறீர்கள். ஷெவ்ரலே எஸ்-10 பிக்கப்பின் முழு ஃபிரேம் மலிவு, நீளப் பெட்டி மாடலின் வீல்பேஸ் 117.9 இஞ்ச், அதனால் கொஞ்சம் குறைத்தால் பொருந்தும். ஆனால் சக்கர அகலம் குறைவு, டயர்கள் ஃபெண்டருக்குள் ஒடுங்கி நிற்கும். கேபின், பெட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் புது மவுண்ட் செய்ய வேண்டும். 1970களின் கமாரோ முன் கிளிப், ஃபிரேமை வெட்டி ஒட்டும் வேலை. அகலமும் கூடுதல், இந்த வண்டிக்கு வேண்டாம். 2003 முதல் 2011 வரையான ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரின் அலுமினிய கிராஸ்மெம்பர் அருமையான சாமான். அது அகலமான ஃபோர்டு எஃப்-100களுக்கு ஏற்றது, 3100இன் ஃபெண்டருக்குள் அடங்காது.

ஆகவே உங்கள் பட்ஜெட்டுக்கு என் வரிசை: முதலில் கிங்பின், ஷாக்கிள், டை ராட் எண்ட். அடுத்து டிஸ்க் கிட்டும் மாஸ்டர் சிலிண்டரும். அதற்கு அடுத்து டிராப் ஆக்சிலும் ஆர்ம்களும். கடைசியில் டொயோட்டா பாக்ஸ். இதில் டிராப் ஆக்சிலை முதல் கட்டத்திலேயே வாங்க முடிந்தால், கிங்பின் வேலையை இருமுறை செய்ய வேண்டியிராது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வண்டி ஓடும் நிலையில் இருக்கும். மஸ்டாங் 2இல் அப்படி நடுவில் நிற்க முடியாது. எல்லாம் வந்து சேரும்வரை வண்டி ஸ்டாண்டில்தான்.

அலைன்மென்டில் ஐ-பீமுக்குக் காஸ்டர் 4 டிகிரி சுமார், டோ-இன் 1/16 முதல் 1/8 இஞ்ச். காஸ்டர் குறைந்தால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வையுங்கள், தடித்த பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் வண்டி கையைவிட்டு அலையும். மஸ்டாங் 2க்கு, பவர் ராக் என்றால் காஸ்டர் 4 டிகிரியும் மேனுவல் என்றால் 2 முதல் 3 டிகிரியும், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) பூஜ்யத்துக்கும் மைனஸ் அரை டிகிரிக்கும் நடுவிலும் வையுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் படிந்து உட்காரும் என்பதால், முதல் 100 மைல் ஓட்டியதும் யு போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து இறுக்குங்கள், 500 மைலில் அலைன்மென்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.